இது யார் போட்டது?

பென்னாகரம் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டில் அம்மை கண்டால் அடுத்து என்ன செய்வது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து ஏறும். அந்த வீட்டு அடுப்பில் தாளிக்கும் வாசனை நின்றுபோகும். வெளியூர் விருந்தாளி கொத்தைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிடுவார். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், வீட்டுக்காரர்களும் வருந்த மாட்டார்கள். உடம்பில் இருப்பதைக் கொப்புளம் என்று சொல்லக்கூடாது, முத்து. வந்திருப்பது ஆத்தா. முத்து உதிர ஆரம்பித்ததும் ஒற்றைப்படை நாளாகப் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்று தண்ணீர் ஆனதும் கோயிலுக்குக் கூழ். அதோடு சரி. மறுநாளே அந்தப் பையன் மற்ற பையன்களோடு மண்ணில் புரண்டுகொண்டிருப்பான். முகத்தில் வடு விழுந்திருந்தால் கல்யாணப் பேச்சில் ஒரு முணுமுணுப்பு எழலாம். பந்தியில் பக்கத்தில் உட்கார யாரும் யோசித்ததில்லை.

நான் மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டுப் பிள்ளை. பிறகு அரசு வேலைக்குப் போய், கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பிருந்தே தருமபுரி மாவட்டத்தில் தொழுநோய் ஒழிப்புப் பணியில் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றியவன். இந்த இரண்டு பிழைப்பும் சேர்ந்து என் தலையில் ஒரு கேள்வியை ஏற்றிவிட்டன. அம்மையும் தொட்டுப் பரவும் நோய், பெருநோயும் பரவும் நோய். அம்மை ஒரு வாரத்தில் தெருவையே படுக்கப்போடும். பெருநோய்க் கிருமியோ நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஒன்றும் செய்யாது. மருந்தே எடுக்காத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழ்ந்த சிலருக்குத்தான் வரும், அதுவும் பல வருடம் கழித்து. அப்படியிருக்க, வேகமாகப் பரவும் நோயிலிருந்து எழுந்தவனை ஊர் மூன்று தண்ணீரில் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. மெதுவாகப் பரவும் நோயை மாத்திரை தின்று முடித்தவனைச் சாகும்வரை சேர்த்துக்கொள்வதில்லை.

அறியாமைதான் காரணம் என்று துறையில் சொல்லித்தந்தார்கள். ஜனவரி 30 காந்தி நினைவு நாளில் உறுதிமொழி வாசிப்போம், துண்டறிக்கை கொடுப்போம், உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் வந்து காட்டுங்கள் என்று சுவரில் எழுதுவோம். எல்லாம் நல்ல வேலைதான். ஆனால் டீக்கடைக்காரர் என்னிடமே சொல்லுவார்: "கூட்டு மருந்து சாப்பிட்டா கிருமி செத்துடும், தெரியும் சார். நீங்கதானே செவுத்துல எழுதினீங்க." சொல்லிக்கொண்டே, நோய் தீர்ந்தவருக்கென்று எரவாணத்தில் செருகியிருக்கும் சிரட்டையை எடுப்பார். அதே எரவாணத்தில் ஒரு காலத்தில் வேறு சிரட்டைகளும் இருந்தன, எந்த நோயும் இல்லாதவர்களுக்காக. கிருமியைப் பற்றிய பயம் மட்டும்தான் என்றால் கிருமி செத்த அன்று சிரட்டையும் இறங்கியிருக்கும்.

நோயின் போக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1980-களின் தொடக்கத்தில் ரிபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் என்ற மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து வந்தது. ஆறு மாதம், முற்றியிருந்தால் பன்னிரண்டு மாதம், அட்டை அட்டையாக இலவசமாகக் கிடைக்கும். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவரால் பிறருக்குப் பரவாது. ஆனால் நோயைத் தீர்க்க வந்த மருந்தே ஊர்க்கண்ணுக்கு நோயாளியைக் காட்டிக்கொடுத்தது. ரிபாம்பிசின் சிறுநீரைச் சிவக்கவைக்கும். குளோபாசிமின் தோலைக் கருக்கவைக்கும். நிறுத்திப் பல மாதம் ஆன பிறகுதான் பழைய நிறம் திரும்பும். கருத்துப்போன முகத்தைப் பார்த்து "முத்திப்போச்சு" என்று பேசிக்கொண்டார்கள்.

மருந்து முடிந்தாலும் செத்த நரம்பு உயிர்பெறாது. எங்கள் பக்கத்துச் சாப்பாடு ராகிக் களி. பானையிலிருந்து இறக்கிய களியை ஆவி பறக்கப் பறக்க, கையை நீரில் நனைத்து நனைத்து உருட்டுவார்கள். நல்ல கை தானாகவே வெடுக்கென்று விலகும். உணர்ச்சியற்ற கை விலகாது. மறுநாள் கொப்புளம், நாலாம் நாள் புண், ஒரு மாதத்தில் விரல் நுனி குட்டை. ஊர் சொல்லும்: "மறுபடி வந்துடுச்சு." வரவில்லை, சுட்டுவிட்டது. இந்த வேறுபாட்டை மருத்துவ உலகத்துக்கே எடுத்துக்காட்டியவர் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தவர். விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படும் காயத்தால்தான் அழிகின்றன என்று நிறுவினார். ராத்திரியில் எலி கடிப்பதுகூடத் தெரியாமல் விரலை இழந்தவர்களுக்கு அவர் பூனை கொடுத்தார். தத்துவம் பேசுகிறவர்கள் இந்தப் பூனையை மறக்கக் கூடாது.

அறிவியல் இவ்வளவு தெளிவாகப் பேசியும் ஊர் ஏன் அசையவில்லை என்பதை எனக்குப் புரியவைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கூத்துக்காரர், மற்றவர் என் அப்பா.

கூத்துக்காரர் கர்ணன் வேஷத்துக்குப் பேர்போனவர். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தால் தூங்குகிற பிள்ளைகள் எழுந்து உட்காரும். பன்னிரண்டு மாத மருந்தை ஒரு வேளை தவறாமல் தின்று முடித்தார். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி நின்றுவிட்டன. சிகிச்சை முடிந்ததென்று அவர் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஜமாவில் சேர்க்கவில்லை. "நான் தலையில வெச்ச கிரீடத்தை இன்னொருத்தன் எப்படி வெப்பான்னு கேக்கறாங்க சார்" என்றார். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்காதது வேறொன்று. மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கக் கோல்காரர் தெருவில் வந்தார். இந்த வீட்டிலும் வாங்கி, அந்த வீட்டிலும் வாங்கி, இவர் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். "காசு மிச்சம்னு நெனச்சுக்கோன்னு என் பொண்டாட்டி சொல்றா. அது காசா சார்?"

அவருடைய செருப்பையும் சொல்ல வேண்டும். உணர்ச்சியில்லாத பாதத்தில் முள்ளோ கல்லோ குத்தாமல் இருக்க மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு கொடுப்போம். அதை அவர் வாங்கி, வீட்டுப் பரணில் போட்டுவிட்டு, சந்தைச் செருப்பையே மாட்டிக்கொண்டு நடந்தார். அந்தச் செருப்பைப் பார்த்தாலே யாருக்கு என்ன வந்தது என்று தருமபுரி பஸ் நிலையமே சொல்லிவிடும் என்பது அவர் நியாயம். புண் வந்தது. புண் வந்ததும் "மறுபடி வந்துடுச்சு."

நான் அப்பாவிடம் போய்க் கேட்டேன். அம்மை வந்தவனுக்கு ஊற்றுகிற மாதிரி இவருக்கும் கோயில் முன்னால் வைத்து ஒரு தண்ணீர் ஊற்றிவிடுங்கள், ஊர் ஏற்றுக்கொள்ளும் என்றேன். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்பா வெற்றிலையை மடித்தபடி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அம்மை அவ போட்டது, அவளே எடுத்துக்கறா. நடுவுல நான் தண்ணி ஊத்தறவன், அவ்ளோதான். இது யார் போட்டது? போட்டவங்க யாருன்னே தெரியாம நான் யாரைக் கேட்டுடா எறக்கறது?"

படிக்காத பூசாரி கேட்ட இந்தக் கேள்விக்கு முன்னால் என் துண்டறிக்கைகள் எல்லாம் வெறும் காகிதமாகிவிட்டன. அம்மைக்கு ஒரு முகம் இருக்கிறது. கோபித்துக்கொள்வாள், கூழ் கேட்பாள், மனம் இரங்குவாள், போய்வருகிறேன் என்று கிளம்புவாள். அவளோடு பேரம் பேசலாம். 1975-இல் இந்தியாவில் பெரியம்மையே ஒழிந்துபோன பிறகும் அவள் கோயிலில் கூட்டம் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். பெருநோய்க்கு ஊர் வைத்திருக்கும் விளக்கம் வினை. வினைக்கு முகமில்லை, காதில்லை. மன்றாடினால் கேட்பதற்கு எதிரே ஒருவரும் இல்லை. ஆகையால் போய்விட்டது என்று அறிவிக்கவும் ஒருவரும் இல்லை.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். சைவ சித்தாந்தம் நன்றாகப் படித்தவர். அவரிடம் இதைக் கொண்டுபோனபோது, "முன்வினையை யார் மாத்த முடியும் தம்பி" என்று முடித்துவிடப் பார்த்தார். நான் விடவில்லை. அவர் படித்த சாத்திரப்படியே கேட்டேன். வினை மூன்று வகை: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இந்த உடம்போடு அனுபவிக்க வந்த பிராரப்தம், இனிமேல் ஏறப்போகும் ஆகாமியம். பிராரப்தம் நுகர்ந்தால் தீரும். இதுதானே பாடம்? அப்படியானால் அந்த நோயையும் அவமானத்தையும் அனுபவித்து முடித்தவருடைய கடனில் அந்த அளவு அடைந்துவிட்டது. நோய் வராத நாம் இன்னும் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறோமோ யார் கண்டது. வினையை நம்புகிறவன் அவரைக் கண்டால் ஒதுங்கக் கூடாது, தன்னை நினைத்துத்தான் பயப்பட வேண்டும். கணக்குத் தீர்த்தவனைக் கடன்காரன் என்று ஒதுக்குகிற ஊர், வினைக் கொள்கையை நம்புகிறதா, இல்லை அதில் தனக்கு வசதியான பாதியை மட்டும் வைத்திருக்கிறதா?

ஆசிரியர் கோபிக்கவில்லை. அவரே எனக்கு ஒரு இடத்தை எடுத்துக்கொடுத்தார். திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது உடன்வந்த அடியார்களைக் குளிர்க்காய்ச்சல் பற்றிக்கொண்டது என்று சேக்கிழார் எழுதுகிறார். இந்த நாட்டு இயல்பு அப்படி, இந்தப் பருவத்தில் வரத்தான் செய்யும் என்ற பேச்சு அங்கே இருந்தது. சம்பந்தர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். பழைய வினையின் பலன் இது என்று காரணம் சொல்லிக்கொண்டு, மீளும் வழியைத் தேடாமல் இருக்கிறீர்களே, அதுவல்லவா உங்கள் குறை என்று அதன் தொடக்கத்திலேயே கேட்கிறார். வினை உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் அவர் போகவில்லை. வினையைச் சொல்லிச் சும்மா இருப்பவனைத்தான் கேட்கிறார். காய்ச்சல் அடியார்களை மட்டும் அல்ல, அந்த நாட்டையே விட்டுப் போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது.

எதன்மேல் ஆணையிட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். நீலகண்டத்தின்மேல். விஷத்தைக் குடித்துப் பிழைத்தவனுடைய கழுத்துக் கறை அது. பிழைத்த அடையாளத்தைக் கும்பிடுகிற மதத்தில், பிழைத்தவருடைய விரலைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

புராணத்தில் தேடினால் தொழுநோய் வராத தெய்வங்களை எண்ணுவதுதான் சுலபமோ என்று தோன்றும். ஆடுதுறைக்குப் பக்கத்துச் சூரியனார் கோயில் தலபுராணத்தில், காலவ முனிவருக்கு வரவேண்டிய தொழுநோயைத் தடுத்ததற்காக நவக்கிரகங்களுக்கே அது வரும்படி பிரமன் சபித்துவிடுகிறான். ஒன்பது பேரும் வெள்ளெருக்கங்காட்டில் தவம் கிடந்து, எருக்கிலையில் தயிர்ச்சோறு தின்று தேறுகிறார்கள். இன்றைக்கு அந்த ஒன்பது பேரையும் நாம் சுற்றி வருகிறோம். வைத்தீஸ்வரன் கோயிலில் நோய் தீர்ந்த அங்காரகனுக்குத் தனிச் சன்னதியே உண்டு. தெய்வங்களோடு ஒரு மனிதரையும் சொல்ல வேண்டும், மாறனேர் நம்பி. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த வைணவர். குரு ஆளவந்தாருக்கு வந்த ராஜபிளவை என்ற புண்ணைப் பிரசாதம் போலக் கேட்டு வாங்கித் தன் உடம்பில் வைத்துக்கொண்டார் என்பது குருபரம்பரைக் கதை. அந்தப் புண் யாருடைய வினை? நம்பி இறந்தபோது உடன்சீடரான பெரிய நம்பி ஈமக்கடன் செய்தார். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பெரிய நம்பியைத் தள்ளிவைத்தார்கள். ஊர் என்றைக்கும் ஊர்தான்.

பக்தர்களை மட்டும் குறைசொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். எம்.ஆர்.ராதா கடவுள் மறுப்பாளர். அவர் நாடகமாக நடித்து 1954-இல் படமாகவும் வந்த 'ரத்தக்கண்ணீர்' எங்கள் பக்கம் பண்டிகை ஒலிபெருக்கியில் வசனமாகவே ஓடும். சாமியையும் சடங்கையும் கிழிகிழியென்று கிழிக்கிற கதை. ஆனால் மனைவியை விட்டுத் தாசி வீட்டுக்குப் போன மோகனசுந்தரத்துக்கு வருவது பெருநோய். தண்டிக்கிற கடவுள் மேடையிலிருந்து இறங்கிப்போன பிறகும் தண்டனை மட்டும் அங்கேயே நின்றது. பெண்தொடர்பால் இந்த நோய் வருவதில்லை என்று நான் விளக்கிய இடங்களில் எல்லாம் எனக்கு எதிர்சாட்சியாக வந்தவர் ராதாதான். மகா நடிகர், என்ன செய்வது.

சட்டமும் வேறுமாதிரி இருந்துவிடவில்லை. நோயாளிகளை அடைத்துவைக்க 1898-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 2016-இல். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு போனது 2019-இல். மருந்து வந்து ஒரு தலைமுறை தாண்டிய பிறகு. 2005 கடைசியில், நோயாளிகளின் எண்ணிக்கை பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கிவிட்டதாக அரசு அறிவித்தது உண்மை. இந்த நோய் நாட்டில் இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவதும் உண்மை.

என்னோடு வேலைபார்த்த கத்தோலிக்க நண்பர் ஒருமுறை பழைய ஏற்பாட்டில் லேவியராகமத்தின் 14-ஆம் அதிகாரத்தைக் காட்டினார். குஷ்டம் தீர்ந்தவனைத் திரும்பச் சேர்க்கும் சடங்கு அதில் விவரமாக இருக்கிறது. ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே நடந்துபோய் அவனைப் பார்க்க வேண்டும். இரண்டு குருவிகளில் ஒன்றை வெளியில் பறக்கவிட வேண்டும். துணியைத் துவைத்து, முடி மழித்து, குளித்து, எட்டாம் நாள் காணிக்கையோடு முடிகிறது. நண்பர் அதைப் பலியும் ரத்தமுமான பழைய காலத்து விவகாரம் என்று சொல்லித்தான் காட்டினார். எனக்கோ அந்த எட்டாம் நாளைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. முடிகிற நாள் என்று ஒன்று எழுதிவைத்திருக்கிறார்களே.

கொரோனா வந்த 2020-இல் முள்ளை வெட்டி ஊர்ச்சாலையில் போட்டு மறித்ததைப் பார்த்தோம். அந்த ஏப்ரலில் சென்னையில், கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கப் போனவர்களைக் கூட்டம் அடித்து விரட்டியதைப் படித்தோம். அடுத்த வருடமே ஊரில் பாதிப் பேருக்கு வந்து போய்விட்டது. இன்று யாராவது யாரையாவது "உனக்குக் கொரோனா வந்ததாமே" என்று ஒதுக்குகிறார்களா? எல்லோருக்கும் வந்துவிட்டால் அது எவருடைய பாவமாகவும் இருக்க முடியாது. பெருநோய் பட்ட பாடு, அது சிலருக்கு மட்டும் வந்ததுதான்.

கூத்துக்காரர் விஷயத்தில் அப்பா அடுத்த வருடப் பண்டிகைக் கூட்டத்தில் வாயைத் திறந்தார். ஊர்க்கவுண்டர் வரிக்கணக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போது, "ஒரு தலைக்கட்டு கொறையுதே" என்றார். எல்லோருக்கும் எது என்று தெரியும். "தண்ணி ஊத்த எனக்கு அதிகாரம் இல்லப்பா. வரி வாங்க ஊருக்கு இருக்கு. வரி கொடுக்காதவன் வீட்டு மாவிளக்கை நான் எடுக்க முடியாது. கொடுக்க வந்தவன்கிட்ட வாங்காத ஊர் விளக்கை மட்டும் எப்படி எடுக்கறது?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் சத்தம். கடைசியில் கோல்காரர் போய் வாங்கிவந்தார். மாவிளக்குத் தட்டைக் கூத்துக்காரரின் மனைவி கொண்டுவந்தாள், அப்பா மற்ற தட்டுகளோடு சேர்த்து வைத்தார். அந்த வருடம் வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டுத்தான் நின்றார்கள். டீக்கடைச் சிரட்டை இறங்கவில்லை. கிரீடமும் திரும்பி வரவில்லை. அவர் கர்ணன் வேஷத்தைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டினார். போட்டது யார் என்ற கேள்வியை அப்பா அப்படியே விட்டுவிட்டார். அதற்கு விடை தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஓய்வுபெற்ற பிறகும் இந்த வழக்குகள் வீடு தேடி வருகின்றன. பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தாயும் தகப்பனும் வந்தார்கள். மகளுக்கு முதுகில் ஒரு தேமல், ஆறு மாத மருந்து, சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. மடங்கிய விரல் இல்லை, ஒரு தழும்பு இல்லை. இப்போது வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? சின்ன வயதில் அம்மை வந்ததை யாரும் ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுப்பதில்லை, தீர்ந்த கணக்கைக் காட்டச் சொல்லி எந்தச் சட்டமும் இப்போது இல்லை, சொல்லாதீர்கள் என்றேன்.

காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளர்களை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். "ஊரெல்லாம் இது பாவம் இல்ல, இது பாவம் இல்லைன்னு முப்பது வருஷமா சொன்னது நீங்கதானே? பாவம் இல்லைன்னா எதுக்குங்க மறைக்கணும்? நாளைக்கு எவனோ போய்ச் சொல்லித் தெரிஞ்சா, அந்தப் பொண்ணு பக்கம் நிக்க நீங்க போவீங்களா?"

தகப்பன் என் முகத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்களாம். நானும் கூட வந்து உட்கார்ந்தால் தேவலை என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே பேச்சு எழுந்தால் என்ன சொல்வது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.